லெஸ்டர் என்று சொல்லிப் போன ஐஸ்லாந்து

புஷ்பமக்காவுக்கு வாய்விட்டு அழ ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் நாங்கள் ஐஸ்லாந்துக்குப் போனோம்.

சிரிக்காதீர்கள். லண்டனில் ஃபிளாட் வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். அப்டன் பார்க்கில் அவர் இருக்கும் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இவர் இங்கிருந்தே ‘நூறு’ என்று வாழ்த்தலாம். சுவர் அவ்வளவு மெல்லியது. அவருடைய கணவர் சிவநேசன் அண்ணை அந்தப் பயணத்துக்கு முந்திய மார்ச்சில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். எரிக்கும் இடத்து மண்டபத்தில் எங்கள் நேரம் முடிய முதலே அடுத்த குடும்பத்தின் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. புஷ்பமக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மச்சாள் தன் கையால் அந்த வாயைப் பொத்தினார்.

“குளறாதை பிள்ளை. வெளியில சனம் நிக்குது.”

அன்றைக்குப் பொத்திய வாய் பிறகு திறக்கவில்லை.

மச்சாள் என்பவர் சிவநேசன் அண்ணையின் அக்கா. சவுத்தாலில் இருக்கிறார். புஷ்பமக்கா அவரை மச்சாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, உறவே இல்லாத நானும் அப்படியே பழகிவிட்டேன். தம்பி செத்த வீட்டுக்கு ஒரு வருடச் சட்டம் போட்டவர் அவர்தான். கலியாண வீடு இல்லை, புதுச்சேலை இல்லை, மீன் இறைச்சி இல்லை, ஊர் சுற்றுவது இல்லவே இல்லை. ஆனால் அதே மனுசிதான், முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்கு முடிந்த கையோடு கிரீன் ஸ்ட்ரீட் நகைக்கடைக்குப் போய் ஒரு சோடி வெள்ளிக் காப்பு வாங்கி வந்தார். ஒன்றைத் தன் கையில் போட்டார். மற்றதைப் புஷ்பமக்காவின் கையில் ஏற்றினார்.

“எங்கள் ரெண்டு பேருக்கும் ஆட்டை மட்டும் பொன் வேண்டாம். அதுக்காக என்ர தம்பி பெண்சாதி வெறுங்கையோட நிக்கவும் வேண்டாம். உதைக் கழட்டாதை, என்ன?”

ஆட்டை என்றால் முதலாம் ஆண்டுத் திவசம்; ஆட்டை மட்டும் என்றால் அதுவரைக்கும். கண்டிப்பையும் அன்பையும் ஒரே வளையமாக வளைக்க அந்த மனுசியால்தான் ஏலும்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. பெயர் கௌரி. வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. என் ஆங்கிலம், தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் சொல்லித்தந்தது. காசு சேர்க்கத் தெரியாத நான், மனுசர் சொல்லும் நல்ல சொல்லைச் சேர்ப்பேன். ஆர் வாயிலிருந்து விழுந்தாலும் பொறுக்குவேன்.

ஜனவரியில் ஒருநாள் என் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த புஷ்பமக்கா சொன்னார்: “கௌரி, எனக்கு ஒருக்காக் குளறோணும். ஆருக்கும் கேக்காத ஒரு இடத்தில நிண்டு.”

எப்பிங் காட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்க முதல் ஒரு நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, “ஏதும் உதவி வேண்டுமா கண்ணே?” என்று கேட்டு, குடுவையிலிருந்து தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார். நல்ல மனம். ஆனால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எப்படி ஒப்பாரி வைப்பது?

அந்தக் கிழமைதான் என் போனில் அந்த விளம்பரம் வந்தது: பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு ஐஸ்லாந்து, அருவி, கொதிநீர் ஊற்று, வெந்நீர்க் குளியல். அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் இன்னொருவரின் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார். இந்த இடம் சரி என்று நினைத்தேன்.

ஒரே பயம் மச்சாள்தான். ஆட்டைக்குச் சில கிழமை இருக்கும்போது விமானம் ஏறி உல்லாசப் பயணம் போனது தெரிந்தால், அவர் திவசத்துக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் அந்தப் பக்கத்துச் சனம் ஒருத்தரும் வராது. “அவற்ற ரத்தத்தில ஒருத்தர் இல்லாமல் அவற்ற திவசமோ?” என்று புஷ்பமக்கா இரண்டு தரம் பயணத்தை வேண்டாம் என்றார். இந்த நாட்டில் அவருக்கு நெருங்கிய உறவென்று இருப்பது மச்சாள் மட்டும்தான். கடைசியில், இரண்டு நாள் என் வீட்டில் நிற்கப் போவதாகப் போனில் ஒரு பொய் சொன்னார்.

“நல்லது பிள்ளை,” என்றார் மச்சாள். “நானும் மகளோட ரெண்டு நாள் லெஸ்டருக்குப் போறன். அங்க ஒருத்திக்குச் சுகமில்லை.”

லெஸ்டரில் படுத்த அந்த முகம் தெரியாத மனுசிக்கு நாங்கள் இருவரும் மனதார நன்றி சொன்னோம்.

ரெய்க்யவிக்கில் காலை என்பது பெயருக்குத்தான். கடைகள் திறந்துவிட்டன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வானம் மட்டும் இன்னும் போர்வையை விலக்கவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் தொப்பியும் மஃப்ளருமாகக் கண் மட்டும் தெரிய ஏறினார்கள். நாங்கள் முன்பக்கம் இருந்தோம். இன்னும் சில ஹோட்டல் வாசல்களில் நிறுத்தி ஆட்களை ஏற்றினார்கள். பின்கதவாலும் சிலர் ஏறினார்கள். ஆர் எவர் என்று பார்க்க வெளிச்சமும் இல்லை, எங்களுக்கு அந்த எண்ணமும் இல்லை.

வழிகாட்டியின் பெயர் ஹெல்கா. அறுபது வயதிருக்கும். தோளகலம் பார்த்தால் பஸ் நின்றால் அவரே தள்ளிவிடுவார் போல இருந்தது. மைக்கைப் பிடித்ததும் முதல் சொல்லே என் சேகரிப்புக்கு ஏற்ற சொல்: “எங்கள் நாட்டில் முக்கியமான பேச்செல்லாம் வெந்நீர்த் தொட்டிக்குள்தான் நடக்கும். உள்ளே மந்திரியும் ஒன்று, மீன்காரனும் ஒன்று. கழுத்துக்கு மேலே தலை மட்டும்தானே தெரிகிறது.” பிறகு ஒரு எச்சரிக்கை: பின்னேரம் குளிக்கப்போகும் தண்ணீரில் கந்தகம் உண்டு, வெள்ளி நகை போட்டிருந்தால் கழற்றி வையுங்கள், கறுத்துப்போகும்.

புஷ்பமக்கா காப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். “கழட்ட ஏலாது. மச்சாள் போட்டது.”

வெளியே மெல்ல நீலம் பரவியது. பனிவெளியில் கட்டைக்கால் குதிரைகள் கூட்டமாக நின்றன. அப்போதுதான் புஷ்பமக்காவின் போன் அடித்தது. மச்சாள். ஒரு வருடமாக ஒருநாள் தவறாமல் காலையில் அழைப்பவர். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். புஷ்பமக்கா குனிந்து சீட்டுக்குக் கீழே தலையை விட்டு எடுத்தார். நானும் கூடவே குனிந்தேன்.

“புஷ்பம், சாப்பிட்டியோ?”

“ஓம் மச்சாள்.”

அந்த நேரம் பார்த்து ஹெல்கா மைக்கில் சொன்னார்: “இடப்பக்கம் பாருங்கள், எங்கள் குதிரைகள்!”

பஸ்ஸுக்குள்ளும் குதிரை என்றது. போனுக்குள்ளும் குதிரை என்றது.

புஷ்பமக்கா என்னைப் பார்த்தார். நான் புஷ்பமக்காவைப் பார்த்தேன்.

“மச்சாள்… எங்க நிக்கிறியள்?”

“லெஸ்டரில. நீ?”

“கௌரி வீட்டில.”

“அங்க என்ன சத்தம்?”

“டீவி, மச்சாள்.”

“ம். இஞ்சயும் டீவிதான்.”

போன் வைக்கப்பட்டது. நான் மெதுவாக எழும்பி, மேலே வைத்த பையில் எதையோ தேடுகிறமாதிரிப் பின்பக்கம் பார்த்தேன். கடைசிக்கு முதல் வரிசையில் ஒரு மஞ்சள் குரங்குத் தொப்பி, ஜன்னல் கரையோடு தாழ்ந்து தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மச்சாளின் மகள் தர்ஷி. அவள் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

“கௌரி, நான் இறங்கப்போறன்,” என்றார் புஷ்பமக்கா.

“எங்க இறங்குவியள்? குதிரையளோடயோ?”

கொதிநீர் ஊற்று என்றால் நான் ஏதோ குளம் மாதிரி நினைத்திருந்தேன். அது நிலத்தில் ஒரு துளை. சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. கூழ்முட்டை மணம். நீலத் தண்ணீர் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்குகிறது. திடீரென்று கண்ணாடிக் குமிழ் மாதிரிக் குவிந்து, வெடித்து, பனைமர உயரத்துக்கு எழும்புகிறது. நாங்கள் பொங்கல் பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பலன் சொல்கிற சனம். இது ஒரு பக்கமும் வழியாமல் நேரே மேலே போய்விட்டது. பலன் கேட்க ஆளில்லை.

ஹெல்கா சொன்னார்: “இவனைக் கமராவோடு பார்த்துக்கொண்டு நின்றால் வரமாட்டான். மூக்குச் சிந்தத் திரும்புங்கள், வருவான்.”

அதற்குப் பிறகு நாங்கள் ஊற்றைப் பார்க்கவே இல்லை. ஊற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பி நின்றது. இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். ஆவி எழும்பும்போதெல்லாம் மச்சாளுக்கு எங்களையும் எங்களுக்கு மச்சாளையும் தெரியாது. அந்த இடைவெளியில் மூச்சு விட்டோம். ஒருமுறை காற்றுச் சுழன்று ஆவி முழுவதும் ஒரேயடியாக விலகியது. கயிற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் நேருக்கு நேர். மச்சாள் சட்டென்று கையுறைக் கையைத் தூக்கி வானத்தில் ஒரு பறவையைப் பார்த்தார். அங்கே பறவை இல்லை.

கழிப்பறை வரிசையில் தர்ஷி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். மருந்தகத்தில் வேலைசெய்கிற பிள்ளை, லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“அன்ட்டி, அம்மாவுக்குத் தெரியும். மாமிக்குத் தெரியுமா, அம்மாவுக்குத் தெரியும் எண்டு?”

“மாமிக்குத் தெரியும். ஆனா உங்கட அம்மாவுக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கோணும் எண்டு நினைக்கிறா.”

“ஓ மை காட். அம்மாவும் சேம். ‘நான் அவளைக் காணேல்லை, நீயும் காணேல்லை’ எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிட்டா.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அம்மா நைட்டில நித்திரையில்லாமல் வீடெல்லாம் நடக்கிறா அன்ட்டி. அதுதான் நான் புக் பண்ணினன். வாட்டர்ஃபால் எண்டு சொல்ல, மாட்டன் எண்டவ. ஹாட் ஸ்பிரிங் எண்டு சொன்ன உடன, ஓம் எண்டவ. ஏனெண்டு சொல்லேல்லை.”

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய மண்டபத்தில் விட்டார்கள். எல்லாரும் ஆட்டிறைச்சி சூப்பில் இறங்கினார்கள். நாங்கள் பையைத் திறந்தோம். தேங்காய்ப்பூ ரொட்டி, கட்டச்சம்பல். புஷ்பமக்கா முதல்நாள் என் குசினியில் இடித்தது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், செத்தல் மிளகாய் மணம் அந்த மண்டபத்தில் எங்கள் விலாசத்தை உரத்து வாசித்தது. இரண்டு மேசை தள்ளி மஞ்சள் தொப்பி நிமிர்ந்தது. அந்தச் சம்பலின் மணம் மச்சாளுக்குத் தெரியாததா? அவருக்கு முன்னால் ஒரு தக்காளி சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கும் இந்த ஒரு வருடம் மரக்கறிதான்.

புஷ்பமக்கா கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். பிறகு ஒரு சின்னப் பெட்டியில் ஒரு ரொட்டியும் சம்பலும் வைத்து மூடி, என்னிடம் தள்ளினார்.

“குடுத்திட்டு வா.”

“என்னெண்டு சொல்ல?”

“ஒண்டும் சொல்லாதை.”

நான் போய்த் தர்ஷியின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மச்சாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் மெதுவாக வந்து பெட்டியை இழுத்தது.

எங்கள் சனத்தில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒரு பிடி அரிசியாவது, ஒரு பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பஸ் புறப்பட முதல் தர்ஷி பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி. அந்த ஊரில் மாவைப் பெட்டியில் அடைத்துக் கொதிக்கிற நிலத்துக்குள் புதைத்து, ஒரு நாள் கழித்துத் தோண்டி எடுப்பார்களாம். அதில் வெண்ணெய் தடிப்பாகப் பூசியிருந்தது. புஷ்பமக்காவுக்கு வெண்ணெய் தடிப்பாகத்தான் பிடிக்கும். அது தர்ஷிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் இன்னும் ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை. “பெட்டி வேற, வாய் வேற கௌரி,” என்றார் புஷ்பமக்கா. “மச்சாள் எனக்குக் கோவத்தோடயும் வெண்ணெய் பூசித் தருவா. ஆட்டைக்கு வருவாவோ எண்டதுதான் தெரியோணும்.” பொறுக்கி வைத்தேன் அந்தச் சொல்லையும்.

அருவியை நான் சொல்லால் காட்ட ஏலாது. ஒரு ஆறு முழுவதும் கால் தடுக்கிப் பள்ளத்துக்குள் விழுகிறது. அரைவாசி பனிக்கட்டியாகித் தொங்க, மிச்சம் அதன் நடுவால் பாய்கிறது. ஹெல்கா சப்பாத்துக்கு அடியில் மாட்ட இரும்புப் பல் தந்து, “ஆட்டுக்குட்டி மாதிரிக் குதிக்காதீர்கள், கிழட்டுப் பசு மாதிரி நடந்து வாருங்கள்” என்றார். நடந்தோம். கைப்பிடிக் கம்பியில் தூவானம் உறைந்து சர்க்கரைப் பாகு மாதிரி வழிந்திருந்தது.

சத்தம்! நான் புஷ்பமக்காவின் காதுக்குள், “இஞ்ச சரியோ?” என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் சரி.

அவர் கம்பியைப் பிடித்தார். முதலில் வாய் மட்டும் திறந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு முழு உடம்பும் அருவியின் பக்கம் சாய்ந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. உதட்டில் ‘என்ர ராசா’ என்ற வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. நான் அவருடைய கோட்டுப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் பார்த்தேன். பார்க்கிற அழுகை அல்ல அது.

மற்றப் பக்கத்தில், கம்பியின் அந்தத் தலைப்பில், மஞ்சள் தொப்பி நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார் மச்சாள். நரைத்த குடுமி அவிழ்ந்து காற்றில் பறந்தது. அவருடைய வாயும் திறந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். தர்ஷி சற்றுத் தள்ளி, படம் எடுக்கிறமாதிரிப் போனைத் தூக்கிப் பிடித்து, படம் எடுக்காமல் நின்றாள்.

சுற்றி நின்ற சீனர், ஜெர்மன்காரர் எல்லாரும் அருவியைப் பார்த்தார்கள். ஆருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு சிவநேசன் அண்ணையின் வீட்டில் சாவு விழுந்தது போல, இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதார்கள். நானும் கொஞ்சம் அழுதேன். அவ்வளவு தூரம் போய் நானும் சும்மா ஏன் நிற்க வேண்டும்?

பஸ்ஸில் ஏறும்போது ஹெல்கா புஷ்பமக்காவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. “தூவானம் கண்ணுக்குள் அடித்துவிட்டது போல,” என்று சொல்லி ஒரு கைத்துண்டு கொடுத்தார். பின்னால் வந்த மச்சாளுக்கும் அதே சொல்லைச் சொல்லி, அதே மாதிரி ஒன்று கொடுத்தார்.

கடைசியாக வெந்நீர்க் குளியல். ஏரிக்கரையில் பெரிய தொட்டிகள், மேலே ஆவி. ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. தண்ணீருக்குள் இறங்க முதல் பொதுக் குளியலறையில் உடுப்பில்லாமல் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படமே போட்டிருக்கிறார்கள். கண்காணிக்க ஒரு அம்மா வேறு. நானும் புஷ்பமக்காவும் சுவரைப் பார்த்துக்கொண்டு, கந்தசஷ்டிக் கவசத்தின் வேகத்தில் குளித்து முடித்துக் குளியல் உடையை மாட்டினோம்.

அப்போது பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு குரல். “நோ! நோ! ஐ பாத், திஸ் பாத்!”

மச்சாள் நின்றார். நெஞ்சுக்கு மேலே சீத்தைத் துணியைக் குறுக்குக்கட்டாகக் கட்டியிருந்தார். கையில் ஒரு செம்பு. சவுத்தாலிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த செம்பு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் சனத்துக்கு வெந்நீர் ஊற்று என்றால் திருகோணமலைக் கன்னியாதான், செத்தவர்களுக்குச் சடங்கு செய்து குளிக்கும் இடம். அங்கே கிணற்றுக்குள் ஆர் இறங்குவது? கரையில் நின்று, கட்டிய துணியோடு, அள்ளி அள்ளித் தலையில் வார்ப்பதுதான். மச்சாள் அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தார். கண்காணிக்கிற அம்மா பொறுமையாக, துணியோடு விடமாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகளை மச்சாளே வெளியே அனுப்பிவிட்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் எப்படி?

மச்சாளின் முகத்தை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. சட்டம் போட்டே பழகிய மனுசி, வேறு ஆரோ போட்ட சட்டத்துக்கு முன்னால் செம்போடு நின்றார்.

இப்படியே தண்ணீருக்குள் போய்விட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் காணாதவர்களாகவே லண்டன் திரும்பலாம். ஆட்டைக்கு மச்சாள் வருவார். ஒன்றும் நடக்காத மாதிரி எல்லாம் நடக்கும்.

புஷ்பமக்கா இரண்டு பெரிய துவாய்களை எடுத்தார். ஒன்றை என்னிடம் எறிந்தார். நேரே போய் மச்சாளுக்கு முன்னால் நின்றார்.

“மச்சாள், கையைத் தூக்குங்கோ.”

மச்சாள் அவரைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். கையைத் தூக்கினார்.

நாங்கள் இருவரும் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துவாய்களை வேலி மாதிரிப் பிடித்தோம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“முதுகு எட்டேல்லை.”

புஷ்பமக்கா தன் துவாய்த் தலைப்பையும் என்னிடம் தந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு முதுகு தேய்த்தார்.

கண்காணிக்கிற அம்மா என்னைக் கேட்டார்: “இவருடைய அம்மாவா?”

“இல்லை. கணவரின் அக்கா.”

“என் கணவரின் அக்காவுக்கு நான் கதவுகூடத் திறந்துவிடமாட்டேன்,” என்றார் அந்த அம்மா. உலகம் முழுவதும் ஒரே உலகம்தான்.

மச்சாளும் தர்ஷி கொண்டுவந்த குளியல் உடையை மாட்ட, வெளியே ஆவிக்குள் இறங்கினோம். கழுத்து மட்டும் தண்ணீர். தலையில் பொடிப்பனி விழுந்து உடனே கரைந்தது. தர்ஷி எங்களைக் கண்டதும் நீந்தித் தூரப் போய்விட்டாள், கெட்டிக்காரி. மச்சாள் ஏரியைப் பார்த்தபடி தொடங்கினார்.

“லெஸ்டர் நல்ல சூடாயிருக்கு.”

புஷ்பமக்கா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: “வால்தம்ஸ்டோவும் அப்பிடித்தான் மச்சாள்.”

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் ஒரு வாய் கந்தகத் தண்ணீர் குடித்துவிட்டேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் வந்துவிட்டது. மூன்று தலைகள் தண்ணீருக்கு மேலே குலுங்கின.

சிரிப்பு அடங்கியதும் மச்சாள் கேட்டார். “அங்க… தண்ணி விழுற இடத்தில… குளறினனியோ?”

“ஓம் மச்சாள். கேட்டதோ?”

“இல்லை. நானும்தான். உனக்குக் கேட்டதோ?”

“இல்லை.”

“ம்.” மச்சாள் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். “அண்டைக்கு நான் உன்ர வாயைப் பொத்தினது வெளியில நிண்ட சனத்துக்காக இல்லைப் பிள்ளை. நீ துவங்கினால் எனக்கு நிப்பாட்ட ஏலாமல் போயிடும் எண்டு பயந்து போனன். அவனை இடுப்பில வைச்சுத் திரிஞ்சனான் நான்.”

புஷ்பமக்கா தண்ணீருக்குள் கையை நீட்டினார்.

“கன்னியாவில போய் அவனுக்கு முழுகோணும் எண்டு இருந்தன்,” என்றார் மச்சாள். “அவ்வளவு தூரம் போக முழங்கால் விடேல்லை. சுடுதண்ணி எங்க ஊறினாலும் சுடுதண்ணிதானே எண்டு வந்திட்டன். ஆட்டைக்கு முதல் ஊர் சுத்தினாள் எண்டு நீ என்னைப் பற்றி நினைப்பியெண்டு…”

“நானோ? உங்களையோ?”

“பின்ன? சட்டம் போட்டவள் நானெல்லே.”

பகல் முழுவதும் புஷ்பமக்கா மச்சாளுக்கு ஒளிந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மச்சாளும் புஷ்பமக்காவுக்குத்தான் ஒளிந்திருக்கிறார்.

புஷ்பமக்கா எழும்பிப் போய்ச் செம்பை எடுத்துவந்தார். வெந்நீரை அள்ளி மச்சாளின் தலையில் வார்த்தார். மச்சாள் கண்ணை மூடி, தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு செம்பை வாங்கிப் புஷ்பமக்காவுக்கு வார்த்தார். கண்காணிக்கிற அம்மா தூரத்தில் நின்று பார்த்தார். செம்புக்கும் அங்கே ஒரு சட்டம் இருந்திருக்கும். ஆனால் அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரையேறும்போதுதான் கவனித்தோம். இரண்டு கையிலும் இரண்டு காப்பும் சட்டிக்கரி மாதிரிக் கறுத்திருந்தன.

“புளி போட்டுத் தேய்ச்சால் போயிடும் மச்சாள்,” என்றார் புஷ்பமக்கா.

“தேய்க்காதை,” என்றார் மச்சாள். “ஆட்டை மட்டும் கிடக்கட்டும்.”

மார்ச்சில் அப்டன் பார்க் ஃபிளாட்டில் ஆட்டைத் திவசம் நடந்தது. வாசலில் சப்பாத்துகள் படிக்கட்டு வரைக்கும் கிடந்தன. மச்சாள் விடியவே வந்துவிட்டார். சவுத்தால் சனம் முழுவதும் பின்னால் வந்தது. குசினியில் மச்சாள் உழுந்து வடைக்கு மா தட்டித் தட்டிக் கொடுக்க, புஷ்பமக்கா எண்ணெய்யில் போட்டார். நான் வாழையிலை துடைத்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்த ஒரு உறவுக்கார மனுசி இரண்டு பேரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னப்பா, ரெண்டு காப்பும் உப்பிடிக் கறுத்துக் கிடக்கு?”

புஷ்பமக்காவின் கை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

மச்சாள் தலை நிமிரவில்லை. வடையின் நடுவில் விரலால் ஓட்டை போட்டுக்கொண்டே சொன்னார்:

“ஒரு வருசத் துக்கம். முறையாக் காத்தால் வெள்ளியும் கறுக்கும்.”

அந்த மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னறைக்குப் போய்ச் சொன்னார். முன்னறை படிக்கட்டுக்குச் சொன்னது. சாப்பாடு முடிய முதல் ஒரு கிழவர் ஐயரிடமே அதைச் சொல்ல, ஐயரும் “ஓம், பெரியாக்கள் சொல்லுறவை” என்று தலையாட்டினார்.

எத்தனையோ காலமாகச் சொல் பொறுக்குகிறேன். ஒரு சொல் பிறந்ததை அன்றைக்குத்தான் நேரே கண்டேன். அதற்குப் பிறகு இரண்டு செத்த வீட்டில் அதைக் கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூழ்முட்டை மணக்கிறது. புஷ்பமக்காவும் மச்சாளும் அங்கே இருந்தால், மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கவனமாக இருக்கிறோம்.